கூலியை உயர்த்தினால் மட்டும் ஆள் வருமா?

தாம்பரத்தைச் சுற்றி இன்னும் உழவு நடக்கிற ஊர்களில் எந்த விவசாயியிடம் பேசினாலும், பேச்சு சீக்கிரமே ஆள் பற்றாக்குறைக்கு வந்துவிடுகிறது. படப்பை, மணிமங்கலம் பக்கம் கீரை போடுபவர், திருப்போரூர் வட்டாரத்தில் நெல் நடுபவர், காட்டாங்கொளத்தூர் வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர் எல்லோரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "ஏரியில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில்கூட நட ஆள் இல்லை." நாற்று முற்றிப்போய், 25 நாளில் நடவேண்டியதை 40 நாளில் நடுகிறார்கள். தூர் குறைகிறது, மகசூல் குறைகிறது. இரண்டு பட்டம் இப்படிப் போனால் மூன்றாம் பட்டத்தில் நிலம் தரிசாகிறது. தரிசு நிலத்தை மனைத் தரகர்தான் முதலில் தேடி வருகிறார்.

ஆகவே ஆள் பற்றாக்குறை என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி மட்டும் இல்லை. இந்தப் பகுதியில் வேளாண்மை இன்னும் பத்து ஆண்டுகள் நிற்குமா என்பதை முடிவு செய்யப்போவது அதுதான். அதனால் சிக்கலின் உண்மையான காரணத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். தவறான காரணத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் தீர்வும் தவறாகத்தான் இருக்கும்.

நூறு நாள் வேலை மட்டும்தான் காரணமா?

நம்மில் பலர் முதலில் கைகாட்டுவது நூறு நாள் வேலையை. நடவு நாளும் அந்த வேலை நாளும் மோதும்போது சிரமம் வருவது உண்மைதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. கிராம ஊராட்சிகளுக்கான நூறு நாள் வேலை மாநகராட்சி எல்லைக்குள் கிடையாது. அங்கே எஞ்சியிருக்கும் வயலுக்கும் தோப்புக்கும் மட்டும் ஆள் தாராளமாகக் கிடைக்கிறதா? இல்லையே.

உண்மையான இழுவிசை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அது நேற்று வந்ததும் இல்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். காலையில் ஊரை விட்டுப் போய், மாலையில் ஊர் திரும்பும் வேலை என்ற ஒன்று இந்தப் பகுதிக்கு அப்போதே அறிமுகமானது. 1984-ல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. தொண்ணூறுகளில் மறைமலைநகரில் கார் தொழிற்சாலை, பிறகு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் நம் ஏரிப் பாசன ஊர்களைச் சுற்றி வளைத்தன. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021 மே முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் வேலைக்குப் போய்வரக் கையிலிருந்து காசு இறங்குவதில்லை. நாற்று நட்ட கைகளின் மகள்கள் இன்று பல்பொருள் அங்காடியிலும் மின்னணு ஆலையிலும் மருத்துவமனையிலும் நிற்கிறார்கள்.

அவர்கள் எதற்காகப் போனார்கள்?

"அங்கே காசு அதிகம்" என்பது பாதி உண்மை. உச்சப் பருவத்தில் நாம் கொடுக்கும் ஒரு நாள் கூலி, கடையில் நிற்கும் பெண்ணின் ஒரு நாள் சம்பளத்தைவிடப் பல இடங்களில் அதிகம். ஆனால் நாம் கொடுப்பது மாதத்தில் எத்தனை நாள்? நடவில் பத்து நாள், களையெடுப்பில் எட்டு நாள். பிறகு அறுவடை இயந்திரம் வந்துவிடும். நடுவில் மழை பெய்தால் அந்த நாளும் போச்சு. 600 ரூபாய் வீதம் 12 நாள் என்றால் 7,200 ரூபாய். 500 ரூபாய் வீதம் 26 நாள் என்றால் 13,000 ரூபாய். மளிகைக் கடைக்காரரும், குழுக்கடன் வசூலிப்பவரும், பள்ளிக்கூடமும் மாதக் கணக்கில்தான் பணம் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாள் கணக்கை நம்பி எப்படி இருப்பார்?

அடுத்து, சம்பளத்துக்கு மேலே உள்ளவை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் கட்டுகிறார், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், நோயில் படுத்தால் ஒரு பகுதிச் சம்பளம், பிள்ளைப்பேறு விடுப்புக்குப் பணம் எல்லாம் அதில் அடக்கம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் 12 சதவீதம் போடுகிறது. வாசலுக்கு வேன் வருகிறது, கேன்டீனில் சாப்பாடு கிடைக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதைக் கட்ட 706 கோடி ரூபாய் செலவானது. ஆள் வேண்டும் என்றால் கூலிக்கு மேலும் எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு நம் கண் முன்னால் நிற்கும் சாட்சி அது.

மூன்றாவது, நாம் பேசத் தயங்குவது. புறநகர் வயலைச் சுற்றி இப்போது மதில் சுவர்களும் மாடி வீடுகளும் வந்துவிட்டன. முன்பு இருந்த வேலியும் புதரும் இல்லை. காலை ஏழு மணிக்கு இறங்கும் பெண்கள் மதியம் இரண்டு மணி வரை கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் நிற்கிறார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். பூச்சிமருந்து கரைப்பவருக்குக் கையுறை இல்லை. ஒரே வரப்பில் ஒரே நேரம் வேலை செய்தாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. சனிக்கிழமை தரவேண்டிய கூலியைச் செவ்வாய்க்கிழமை வரை இழுப்பவர்களும் நம்மில் உண்டு. ஆலையில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருக்கும் பெண்ணை ஊர் பார்க்கும் பார்வையும், சேற்றில் இறங்கும் பெண்ணைப் பார்க்கும் பார்வையும் ஒன்றாக இல்லை. அந்தப் பார்வையில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஆலை வேலை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மறைமலைநகர் கார் ஆலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டே கடைசிக் கார் வெளிவந்தது. அதே 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பெண்களுக்காகத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாது. இத்தனைக்கும் பிறகும் நம் வயலைவிட அது மேல் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்றால், நம் வேலையின் அமைப்பைத்தான் நாம் திருத்த வேண்டும்.

வெளிமாநில ஆட்கள் வந்தால் தீருமா?

சில ஆண்டுகளாக மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வரும் குழுக்கள் தமிழ்நாட்டில் நெல் நடுகின்றன. ஏக்கர் கணக்கில் பேசி, வேகமாக நட்டு முடிக்கிறார்கள். அவர்களும் வயிற்றுக்காக வந்த உழைப்பாளிகள். தங்க இடமும் குடிநீரும் பேசிய கூலியும் அவர்களுக்குச் சேரவேண்டும். ஆனால் உங்கள் பண்ணையை முழுதாக அவர்களை நம்பி நடத்த முடியாது. நடவு முடிந்ததும் அவர்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். களையெடுக்க, பாத்தி கட்ட, மடை பார்க்க, குலைநோய் முதல் புள்ளியிலேயே தெரிந்து சொல்ல ஊரில் ஆள் வேண்டும். உள்ளூரில் நிலம் தெரிந்த ஒரு சிறு கூட்டம் நிலையாக இருந்தால்தான் பண்ணை நிற்கும்.

ஆள் நாளைக் குறைத்தால் கூலியை உயர்த்தலாம்

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். பழைய முறையில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாற்றுப் பறித்து நட சுமார் 15 பேர், இரண்டு களைக்கு சுமார் 18 பேர், வரப்பு வெட்டவும் உரமிடவும் 2 பேர். மொத்தம் 35 ஆள் நாள். ஆளுக்கு 400 ரூபாய் என்று வைத்தாலும் 14,000 ரூபாய்.

இதையே இயந்திர நடவுக்கும் உருளும் களைக்கருவிக்கும் மாற்றினால் பாய் நாற்றங்காலுக்கும் நடவுக்கும் 4, களைக்கு 6, மற்றவற்றுக்கு 2, ஆக 12 ஆள் நாள் போதும். இப்போது ஆளுக்கு 600 ரூபாய் கொடுத்தாலும் 7,200 ரூபாய்தான். மிச்சம் 6,800 ரூபாய். இயந்திரச் செலவையும் தொழிலாளியின் காப்பீட்டையும் அதிலிருந்து பார்க்கலாம். கூலியை ஒன்றரை மடங்காக்கியும் செலவு கட்டுக்குள் நிற்கிறது. 35 ஆள் நாள் தேவைப்படும் முறையிலேயே கூலியை மட்டும் உயர்த்திக்கொண்டு போனால் விவசாயி மூழ்குவார். 12 ஆள் நாளில் வேலை முடியவேண்டும் என்றால் வருகிறவருக்குத் திறன் வேண்டும். திறனும் கூலியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் ஏறும்.

இயந்திர நடவு சரியாக அமையாததால் கைவிட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் நாற்றங்காலில் இருக்கும். ஏக்கருக்கு ஒரு சென்ட் பாய் நாற்றங்கால் போதும். நாற்று 14 முதல் 18 நாளுக்குள் வயலுக்குப் போகவேண்டும். சேறடித்து, சமன்படுத்தி, ஒரு நாளாவது மண் படிய விட்ட பிறகே இயந்திரம் இறங்கவேண்டும். ஒரு இயந்திரம் நாளுக்கு மூன்று ஏக்கர் நடும் என்றால் நூறு ஏக்கருக்கு 34 நாள் ஆகும். எல்லோரும் ஒரே நாளில் விதை விட்டால் பாதி நாற்று முற்றிவிடும். நான்கு நாளுக்கு ஒரு தவணையாக விதைத்தால் நாற்றும் பக்குவத்தில் கிடைக்கும், ஆட்களுக்கும் வேலை தொடர்ந்து வரும். தனி ஒரு விவசாயியால் இதை ஒழுங்குபடுத்த முடியாது, குழுவால் முடியும்.

குழுவாக ஆள் வையுங்கள்

நான் சொல்ல வரும் யோசனை இதுதான். ஆளுக்கு ஆள் தனியாகத் தேடுவதை விட்டு, நூறு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள் சேர்ந்து 12 பேர் கொண்ட ஒரு பணிக்குழுவை ஆண்டு முழுவதும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 25 நாள் வீதம் 12 பேர் ஆண்டுக்கு 3,600 ஆள் நாள் தருவார்கள். நூறு ஏக்கரில் சொர்ணவாரியும் சம்பாவும் ஆக இரண்டு பட்ட நெல்லுக்கு, ஏக்கருக்கு 12 வீதம் 2,400 ஆள் நாள் போய்விடும். மீதி 1,200 நாளுக்கு வேலை வேண்டும். அதைத் தேடித் தொலைதூரம் போகவேண்டாம். தாம்பரம் பக்கத்திலேயே இருக்கிறது. கீரை, காய்கறி, குழித்தட்டு நாற்று ஒரு பக்கம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், முடிச்சூர் வீடுகளின் மாடித் தோட்டம், புல்தரை, தென்னை மரம் இன்னொரு பக்கம். கொல்லையில் உள்ள இரண்டு தென்னைக்கு ஏற ஆள் கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்கள் புறநகரில் ஏராளம். நம் ஆட்களை இழுத்த அதே நகரம், நம் குழுவின் வேலையில்லா நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் முடியும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை நண்பர்கள்' என்ற ஆறு நாள் பயிற்சியைத் தொடங்கியது. பயிற்சி முடிப்பவருக்கு மரம் ஏறும் கருவியும் விபத்துக் காப்பீடும் சேர்த்தே கொடுத்தார்கள். திறன், கருவி, பாதுகாப்பு மூன்றும் ஒன்றாகக் கிடைத்ததால் புதிய இளைஞர்களும் பெண்களும்கூட அந்தத் தொழிலுக்கு வந்தார்கள். கேரளத்தில் மண்ணுத்தி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இளைஞர்களுக்கு நடவு இயந்திரமும் பழுதுபார்ப்பும் கற்றுக்கொடுத்து 'உணவுப் பாதுகாப்புப் படை' என்ற பெயரில் சீருடையோடு வயலில் இறக்கியது.

நம் ஊரிலும் அடித்தளம் இருக்கிறது. தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18-ல் தொடங்கியது. 20 விவசாயிகள் ஒரு ஆர்வலர் குழு, ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து நூறு பேர் கொண்ட ஒரு உற்பத்தியாளர் குழு. பொதுவில் இயந்திரம் வாங்க ஒவ்வொரு குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. பல குழுக்கள் இயந்திரம் வாங்கின. ஓட்டத் தெரிந்தவரை நிலையாக வைத்துக்கொள்ளாததால் கொட்டகையில் நிறுத்திவைத்தன. இயந்திரத்துக்கு மானியம் கேட்கும் நாம், அதை ஓட்டும் கைக்கு என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஏக்கருக்கு 206 ரூபாய்

"இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் நம்மால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு பெரிய தொகையா என்று பார்ப்போம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு நிறுவனத்தின் இ.எஸ்.ஐ. பங்கு 487 ரூபாய் 50 காசு. வைப்பு நிதிப் பங்கு 1,800 ரூபாய். 25 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 91 ரூபாய். நமக்கும் ஆலைக்கும் பாதுகாப்பு விஷயத்தில் உள்ள தூரம் அவ்வளவுதான். கிடங்கு, இயந்திர மையம் நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களை இவற்றில் சேர்ப்பது பற்றித் தொழிலாளர் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறவேண்டும்.

அதுவரை காத்திருக்கவேண்டாம். வயலில் இறங்குபவருக்கு இன்றே செய்யக்கூடியவை உண்டு. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். 50 வயதுக்குள் சேரலாம், எந்த மரணத்துக்கும் 2 லட்சம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத்தில் 30 வயதில் சேருபவர் மாதம் 105 ரூபாய் கட்டவேண்டும். அதே தொகையை மத்திய அரசும் போடும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,716 ரூபாய். 12 பேருக்கு 20,592 ரூபாய். நூறு ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 206 ரூபாய். அரை மூட்டை யூரியாவைப் பற்றி யோசிக்கும் அளவுக்குக்கூட இதை யோசிக்கத் தேவையில்லை. ஓய்வூதியத்தில் சேர வயது வரம்பு 40. அதைத் தாண்டியவர்களுக்கு, நம் வயல்களில் அவர்கள்தான் அதிகம், அதே தொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில் அவர் பெயரில் குழு போடலாம்.

இவை போக, முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கும் உரியது. 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் விபத்து மரண உதவி ஒரு லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், இயற்கை மரண உதவி 20,000-லிருந்து 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவி உண்டு. ஆனால் உறுப்பினர் அட்டை இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். உங்கள் வயலில் பத்து வருஷமாக இறங்கும் அம்மாவிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று நாளை காலை கேளுங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் நீங்களே அழைத்துப் போங்கள்.

யார் என்ன செய்யவேண்டும்?

விரிவாக்கப் பணியாளர்களே, உங்கள் வட்டாரத்தில் பயிற்சி என்றால் பெரும்பாலும் நில உரிமையாளரின் பெயர்தான் பதிவேட்டில் ஏறுகிறது. வேலை செய்யும் கை வேறு. பாய் நாற்றங்கால், களைக்கருவி, சொட்டுநீர்ப் பராமரிப்பு ஆகிய பயிற்சிகளில் பாதி இடத்தையாவது தொழிலாளர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு ஒதுக்குங்கள். பயிற்சி நாளுக்குக் கூலி போகாமல் பாருங்கள். கால்நடைப் பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகம் ட்ரோன் இயக்கப் பயிற்சி தருகிறது. பத்தாம் வகுப்பு முடித்த, 18 வயது நிறைந்த ஒருவர் உரிமச் சான்றிதழ் பெறலாம். குழுவில் இரண்டு பேர் அங்கே போய்வந்தால், விசைத்தெளிப்பான் சுமப்பவருக்குக் கிடைக்காத மரியாதை அவர்களுக்குக் கிடைக்கும்.

விவசாயிகளே, முதல் ஆண்டில் எல்லாம் கூடிவராது. நீர் வராத பட்டம் வரும், யார் வயலுக்கு முதலில் இயந்திரம் என்று சண்டை வரும், உரிமையாளர் மனை போடும் எண்ணத்தில் குத்தகையைத் தொடர மறுப்பார். நூறு ஏக்கர் சேரவில்லையென்றால் 25 ஏக்கருக்கு மூன்று பேரோடு தொடங்குங்கள். சம்பள நாளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டுங்கள். நாற்று நடவுக்கு ஆள் வைத்திருக்கும் விவசாயிக்கு அதைவிடப் பயனுள்ள கட்டுமானம் வேறில்லை.

அரசிடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு விடுதி கட்டக் கோடிக்கணக்கில் செலவிடுவதில் தவறில்லை. அதே அக்கறையில் ஒரு பங்கு வேளாண் பணிக்குழுவுக்கும் வரவேண்டும். இயந்திரத்துக்குக் கொடுக்கும் மானியத்தோடு, அதை இயக்கும் குழுவின் முதல் மூன்று ஆண்டுக் காப்பீட்டு, ஓய்வூதியப் பங்கையும் அரசே ஏற்றால் நூறு ஏக்கருக்கு ஆண்டுக்கு 20,592 ரூபாய்தான் செலவு.

ஊரில் நடவு தெரிந்த கடைசித் தலைமுறைப் பெண்கள் ஐம்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். எந்த வயல் எப்போது வடியும், எந்த மடை எங்கே ஓட்டை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வயலில் இருக்கும்போதே அடுத்தவர் அவர்களோடு சேர்ந்து நின்று கற்கவேண்டும். அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கும் முன், உங்கள் மடையில் பாயும் மற்ற விவசாயிகளைக் கூப்பிட்டு ஒரு மாலை உட்காருங்கள். யாரிடம் எத்தனை ஏக்கர், எந்த வாரத்தில் எத்தனை ஆள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று பேருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது என்று அந்தத் தாள் சொன்னால், அன்றே அவர்களைப் போய்ப் பாருங்கள்.